கிழ்ரு நபி யார்? கோத்தகிரியில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் மாலை மதரஸா நடத்துகிறேன். குர்ஆனின் கஹ்ஃபு அத்தியாயத்தில் மூசா நபியும் (கிறிஸ்தவர்கள் மோசே என்பார்கள்) கிழ்ரு நபியும் சந்திக்கும் இடம் வந்துவிட்டால், அன்றைக்குப் பாடம் முடிய இருட்டிவிடும். பிள்ளைகள் விடமாட்டார்கள். வீட்டுக்குப் போய்க் கதையைச் சொல்வார்கள், மறுநாள் அவர்களுடைய அத்தாமார் (அப்பாக்கள்) கேள்வியோடு வாசலில் நிற்பார்கள். தோட்டத்து லைன் வீடுகளில் இருக்கும் இந்து, கிறிஸ்தவ நண்பர்களும் கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

பெயரை எப்படிச் சொல்வது? கிழ்ரு என்கிறீர்கள், களிர் என்று எழுதியிருக்கிறது, கிதர் என்றும் கேட்டிருக்கிறேன்.

எல்லாம் ஒருவரே. அரபியில் அல்-களிர் என்றும் அல்-கிழ்ர் என்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். நடுவில் வரும் ‘ளாத்’ என்ற எழுத்தின் ஓசை தமிழில் இல்லை. அதனால் ஒருவர் ழ போடுகிறார், ஒருவர் ள போடுகிறார், இன்னொருவர் த போடுகிறார். வட இந்தியாவில் கிஸ்ர் என்பார்கள். எங்கள் வீட்டில் கிழ்ரு நபி என்றே சொல்லிப் பழக்கம், அதையே எழுதுகிறேன். இது பெற்றோர் வைத்த பெயரல்ல, சிறப்புப் பெயர். ‘பசுமையானவர்’ என்று பொருள்.

ஏன் பசுமையானவர்? பச்சை உடை உடுத்தியிருப்பாரா?

உடை பற்றி எதுவும் இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) சொன்ன காரணம் புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது (ஹதீஸ் என்றால் நபிகள் நாயகத்தின் சொல், செயல் பற்றிய அறிவிப்பு), நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அறிவித்தது: கிழ்ரு நபி வெளுத்துக் கிடந்த ஒரு தரையில் உட்கார்ந்தார்கள், உடனே அந்த இடம் பசுமையாகி அசைந்தது. அதனால்தான் அந்தப் பெயர். ‘வெளுத்த தரை’ என்பதற்குக் காய்ந்து வெளுத்துப்போன புல் என்று சில அறிஞர்கள் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. ஜனவரியில் விடியற்காலை ஊட்டி தாண்டித் தலைக்குந்தா பக்கம் பஸ்ஸில் போனால், புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டிவைத்த மாதிரி உறைபனி கிடக்கும். இறங்கி நடந்தால் காலடியில் நொறுங்கும். வெயில் ஏறியதும் வெள்ளை போய்விடும், ஆனால் புல் பிழைத்திருக்காது. ஒரு வாரத்தில் வைக்கோல் நிறமாகிவிடும். தேயிலை என்றால் கொழுந்து கருகிவிடும். காட்டுச் செடிகளை வெட்டிப் போட்டு மூடிக் காப்பாற்றப் பார்ப்பார்கள். அப்புறம் கோடை மழை ஒன்றிரண்டு விழுந்தால், செத்துப்போனது என்று நினைத்த அதே மேட்டில் ஊசி ஊசியாகப் பச்சை எழும்பும். பாடத்தில் அந்த ஹதீஸைச் சொன்னபோது ஒரு சின்னப் பெண், “மழை வராமலேயேவா ஹஜரத்?” என்று கேட்டாள் (மதரஸா ஆசிரியரை ஹஜரத் என்பார்கள்). ஆமாம், மழை வராமலேயே. அல்லாஹ் நாடினான், வெறும் தரை பசுமையானது.

குர்ஆனில் அவர்களைப் பற்றி எங்கே வருகிறது?

18வது அத்தியாயமான அல்-கஹ்ஃபில், 60 முதல் 82 வரையான வசனங்களில். அங்கே பெயர் கிடையாது. “நம் அடியார்களில் ஒருவர், அவருக்கு நம்மிடமிருந்து அருளைக் கொடுத்தோம், நம்மிடமிருந்து ஓர் அறிவைக் கற்றுக்கொடுத்தோம்” என்ற பொருளில் 65வது வசனம் அறிமுகப்படுத்துகிறது. அவ்வளவுதான். அந்த அடியார் கிழ்ருதான் என்பது ஹதீஸிலிருந்து தெரிகிறது. நபித்தோழர்களான உபை இப்னு கஅப் (ரலி) சொல்ல, இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்த அந்த நீண்ட ஹதீஸும் புகாரியில் உண்டு.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சுருக்கினால் சுவை போய்விடும், இருந்தாலும் முயல்கிறேன்.

மூசா நபி (அலை) பனீ இஸ்ராயீல் (இஸ்ரவேலர்) மக்களுக்கு உரை நிகழ்த்திக்கொண்டிருந்தார்கள். “மனிதர்களிலேயே அதிகம் அறிந்தவர் யார்?” என்று ஒருவர் கேட்டார். “நான்தான்” என்றார்கள். அல்லாஹ்வே நன்கு அறிந்தவன் என்று சொல்லாமல் விட்டதை அல்லாஹ் கண்டித்தான். இரண்டு கடல்கள் சேரும் இடத்தில் உம்மைவிட அறிந்த என் அடியார் ஒருவர் இருக்கிறார் என்று அறிவித்தான். அவரைக் கண்டுபிடிப்பது எப்படி? கூடையில் ஒரு மீனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அது எங்கே காணாமல் போகிறதோ அங்கேதான் அவர்.

உதவிக்கு யூஷஃ இப்னு நூன் என்ற இளைஞரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். ஒரு பாறையருகே தலைசாய்த்துத் தூங்கினார்கள். அங்கேதான் கூடையிலிருந்த மீன் துள்ளிக் கடலில் இறங்கி, சுரங்கம் போல வழி செய்துகொண்டு போனது. இளைஞர் அதைச் சொல்ல மறந்துவிட்டார். அன்றைய மிச்சப் பகலும் இரவும் நடந்தார்கள். மறுநாள்தான் மூசா நபி, “நம் காலை உணவைக் கொண்டு வாருங்கள், இந்தப் பயணத்தில் களைத்துவிட்டோம்” என்றார்கள். ஹதீஸ் இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறது: குறிப்பிட்ட இடத்தைத் தாண்டும்வரை அவர்களுக்குக் களைப்பே தெரியவில்லை. தாண்டிய பிறகுதான் உடம்பு சோர்ந்தது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுவேன். தேடிப் போகும்போது வராத களைப்பு, தவறவிட்ட பிறகு வருகிறது.

மீன் போன கதையைக் கேட்டதும், “நாம் தேடியது அதைத்தான்” என்று வந்த சுவடு பார்த்துத் திரும்பினார்கள். பாறையருகே ஒருவர் துணியால் போர்த்திக்கொண்டு இருந்தார். மூசா நபி சலாம் சொன்னார்கள். “உங்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டதிலிருந்து எனக்கும் கற்றுக்கொடுக்க நான் உங்களைப் பின்பற்றி வரலாமா?” என்று கேட்டார்கள். குர்ஆனில் மிக அதிகமாகப் பெயர் சொல்லப்படும் நபி, தவ்ராத் என்ற வேதம் கொடுக்கப்பட்டவர், அல்லாஹ்வோடு பேசியவர், இப்படி அனுமதி கேட்கிறார். கிழ்ரு நபியின் பதில்: “என்னோடு உங்களால் பொறுமையாக இருக்க முடியாது.” நானாகச் சொல்லும்வரை எதையும் கேட்கக் கூடாது என்பது நிபந்தனை.

பிறகு மூன்று சம்பவங்கள். ஒரு மரக்கலத்தில் ஏறினார்கள். கலக்காரர்கள் கிழ்ரு நபியை அடையாளம் கண்டு கூலி வாங்காமலேயே ஏற்றிக்கொண்டார்கள். அந்தக் கலத்தின் பலகை ஒன்றைக் கிழ்ரு நபி பெயர்த்தார்கள். அடுத்து, ஒரு சிறுவனைக் கொன்றார்கள். மூன்றாவதாக, சோறு கேட்டும் கொடுக்காத ஓர் ஊரில், சாய்ந்து விழ இருந்த சுவரை நிமிர்த்தி வைத்தார்கள், கூலி வாங்காமல். மூன்று முறையும் மூசா நபியால் கேட்காமல் இருக்க முடியவில்லை. மூன்றாவது தடவையோடு பிரிவு.

பிரியும்போதுதான் விளக்கம் கிடைத்தது. கலம் கடலில் பிழைக்கும் ஏழைகளுடையது. நல்ல கலங்களையெல்லாம் பறிக்கும் அரசன் ஒருவன் இருந்தான், ஓட்டை விழுந்ததை விட்டுவிடுவான். சிறுவன் வளர்ந்து, ஈமான் (இறைநம்பிக்கை) கொண்ட பெற்றோரை வரம்பு மீறலாலும் இறைமறுப்பாலும் துன்புறுத்துவான் என்ற அச்சம். அவனுக்குப் பதில் மேலான பிள்ளையை அல்லாஹ் கொடுக்க வேண்டும் என்ற விருப்பம். சுவரின் கீழே இரண்டு அநாதைச் சிறுவர்களின் புதையல் இருந்தது. அவர்களுடைய தந்தை நல்லவராக இருந்தார். பிள்ளைகள் வளர்ந்து எடுத்துக்கொள்ளும்வரை சுவர் நிற்க வேண்டும். “இதை நானாகச் செய்யவில்லை” என்று முடித்தார்கள்.

நஷ்டம் போலத் தெரிவது லாபம் என்பதுதானே பாடம்? தேயிலை கவாத்து மாதிரி?

இதை என்னிடம் முதலில் சொன்னது மதரஸாவில் படிக்கும் ஒரு பையன். அவனுடைய அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை செடியைக் கவாத்து வெட்டினால் இலை ஒன்றுகூட இருக்காது. வெறும் குச்சியாக, கை விரல்களை விரித்து வைத்த மாதிரி நிற்கும். தெரியாதவர் பார்த்தால் தோட்டத்தை யாரோ அழித்துவிட்டார்கள் என்றே நினைப்பார். வெட்டாமல் விட்டால் செடி மரமாக ஓங்கிவிடும், கொழுந்து கைக்கு எட்டாது. “கலத்துல ஓட்டை போட்டது கவாத்து மாதிரிதானே ஹஜரத்?” என்றான். கலத்துக்கு அது பொருந்தும், நன்றாகவே பொருந்தும். அவனைப் பாராட்டினேன்.

ஆனால் மூன்று சம்பவத்துக்கும் அது ஒன்றுபோலப் பொருந்தாது. கவாத்து வெட்டுகிறவருக்கு ஏன் வெட்டுகிறோம் என்று தெரியும், பக்கத்தில் நிற்கும் நமக்கும் இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். வாழ்க்கையில் பெரும்பாலானவை அப்படி இல்லை. அந்த ஏழைக் கலக்காரர்களை நினைத்துப் பாருங்கள். பலகை ஏன் பெயர்ந்தது என்று அவர்களுக்கு யாராவது போய்ச் சொன்னதாகக் குர்ஆனில் இல்லை. அரசன் விட்டுவிட்டுப் போனதைப் பார்த்து அவர்களாகப் புரிந்துகொண்டிருக்கலாம். சுவரை நிமிர்த்தியது அந்த அநாதைகளுக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. சிறுவனின் பெற்றோருக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளை போய்விட்டான் என்பது மட்டும்.

அந்தச் சிறுவனைக் கொன்றதை எப்படி ஏற்பது? இதை நினைத்தாலே மனம் ஒப்பவில்லை.

மனம் ஒப்பாமல் இருப்பதுதான் சரி. மூசா நபிக்கும் ஒப்பவில்லை. “எந்த உயிருக்கும் பதிலாக இல்லாமல், குற்றமற்ற ஓர் உயிரைக் கொன்றுவிட்டீர்களே!” என்று கேட்டார்கள். முன்பு செய்த வாக்குறுதியை மீறிக் கேட்டார்கள். அப்படிக் கேட்டதற்காக அல்லாஹ் அவர்களைக் கண்டிக்கவில்லை. ஷரீஅத்தை (மார்க்கச் சட்டத்தை) சுமந்த ஒரு நபி, கண்ணெதிரே ஒரு பிள்ளை கொல்லப்படும்போது வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் ஆச்சரியம்.

இந்தச் சம்பவத்தை யாரும் முன்மாதிரியாக எடுக்க முடியாது. இதற்கு ஒரு வலுவான சான்று ‘முஸ்லிம்’ என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. நஜ்தா என்ற காரிஜித் தலைவர் (காரிஜிகள் ஆரம்ப காலத்தில் பிரிந்துபோன ஒரு கூட்டம்), போரில் எதிரிகளின் குழந்தைகளைக் கொல்லலாமா என்று இப்னு அப்பாஸுக்குக் கடிதம் எழுதினார். இப்னு அப்பாஸ் எழுதிய பதிலின் சாரம்: அல்லாஹ்வின் தூதர் குழந்தைகளைக் கொன்றதில்லை, நீரும் கொல்லாதீர், கிழ்ரு அந்தச் சிறுவனைப் பற்றி அறிந்திருந்ததை நீர் அறிந்தாலொழிய. அப்படி அறிய யாராலும் முடியாது. கதவை அதோடு சாத்திவிட்டார்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் வலித்த விஷயம். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு வீட்டில் பத்து வயதுப் பையன் காய்ச்சலில் இறந்துபோனான். ஜனாஸா முடிந்து மூன்றாம் நாள், ஆறுதல் சொல்ல வந்த ஒருவர் அந்தத் தாயிடம் இந்தக் கதையை எடுத்துச் சொன்னார். “கவலைப்படாதீங்க, பெரியவனாகிக் கெட்டுப்போய் உங்களைப் படுத்தியிருப்பான், அதனாலதான் அல்லாஹ் முன்னாடியே எடுத்துக்கிட்டான்” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். கையில் பையனின் குல்லா இருந்தது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், அந்த நேரத்தில் எதுவும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

அதனால் இப்போது எங்கே கேட்டாலும் சொல்கிறேன். கிழ்ரு நபிக்கு அந்தச் சிறுவனைப் பற்றி அல்லாஹ் அறிவித்தான். காய்ச்சலில் போன இந்தப் பையனைப் பற்றி நமக்கு யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. ஒரு பிள்ளையைப் பற்றி இல்லாத பழியைச் சொல்வது ஆறுதலாகாது. நபிகள் நாயகத்தின் மகன் இப்ராஹீம் குழந்தையிலேயே இறந்தபோது, “கண் அழுகிறது, மனம் துயரப்படுகிறது, நம் இறைவனுக்குப் பிடித்ததைத் தவிர வேறெதையும் சொல்லமாட்டோம்” என்றார்கள். காரணம் எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. துக்க வீட்டுக்குப் போனால் அதைச் சொல்லுங்கள், அல்லது பக்கத்தில் சும்மா உட்காருங்கள்.

அப்படியானால் மூசா நபியைவிடக் கிழ்ரு நபி உயர்ந்தவரா?

இல்லை. மூசா (அலை) உறுதிமிக்க பெருந்தூதர்களில் ஒருவர். கிழ்ரு நபியே ஹதீஸில் சொல்கிறார்கள்: அல்லாஹ் எனக்குக் கற்றுத்தந்த ஓர் அறிவு உங்களுக்குத் தெரியாது, உங்களுக்குக் கற்றுத்தந்த ஓர் அறிவு எனக்குத் தெரியாது. அப்போது ஒரு சிட்டுக்குருவி கலத்தின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து கடலில் அலகை நனைத்தது. அதைக் காட்டி, “அல்லாஹ்வின் அறிவோடு பார்த்தால் என் அறிவும் உங்கள் அறிவும் இந்தக் குருவி கடலிலிருந்து எடுத்த அளவுதான்” என்றார்கள். ஆசிரியரும் மாணவரும் ஒரே குருவியின் அலகுக்குள் வந்துவிட்டார்கள்.

அவர் நபியா, அல்லது இறைநேசரான வலியா?

அறிஞர்களிடையே இரண்டு கருத்தும் உண்டு. சூஃபி அறிஞர்களில் பலர் வலி என்றார்கள். நபி என்பவர்கள் காட்டும் ஆதாரம் 82வது வசனம்: “இதை நானாகச் செய்யவில்லை.” நானாகச் செய்யவில்லை என்றால் உத்தரவு வந்திருக்கிறது. ஓர் உயிரை எடுக்கும் அளவுக்கு உறுதியான உத்தரவு, மனதில் தோன்றும் உதிப்பாக இருக்க முடியாது, வஹீயாகத்தான் (நபிமார்களுக்கு வரும் இறைச்செய்தி) இருக்க வேண்டும். இந்த வாதம் எனக்கு உறுதியாகப் படுகிறது, அதனால்தான் நபி என்று சொல்கிறேன். குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட 25 நபிமார்களில் அவர்கள் இல்லையே என்று கேட்பார்கள். வரலாறு சொல்லப்படாத தூதர்களும் உண்டு என்று குர்ஆனே 40:78ல் சொல்கிறது.

இன்னும் உயிரோடு இருக்கிறார் என்கிறார்களே?

அப்படி நம்பிய பெரிய அறிஞர்கள் இருந்திருக்கிறார்கள், இமாம் நவவீ உட்பட. இறந்துவிட்டார்கள் என்றவர்களில் இமாம் புகாரியும் இப்னு தைமிய்யாவும் உண்டு. “உமக்கு முன் எந்த மனிதருக்கும் நாம் நிரந்தர வாழ்வைக் கொடுக்கவில்லை” என்ற 21:34 வசனம் இவர்களுடைய ஆதாரம். அதோடு, நபிகள் நாயகம் தம் கடைசிக் காலத்தில் சொன்னதும் இருக்கிறது: இன்று பூமியின் மேல் இருக்கும் எவரும் நூறு வருடத்துக்குப் பிறகு மிஞ்சமாட்டார்கள். இதைப் படித்த பிறகு இரண்டாவது பக்கமே எனக்குச் சரியாகத் தெரிகிறது. ஆனால் இது ஈமானின் கடமைகளில் ஒன்றல்ல. இதற்காகப் பள்ளிவாசலில் இரண்டு அணியாகப் பிரிய வேண்டாம்.

கதிர்காமத்தில் அவர் பெயரில் ஒரு இடம் இருக்கிறதாமே?

இதைக் கேட்டது ஒரு பெரியவர், இந்து. 1964ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டபின் இலங்கையிலிருந்து திரும்பி, டேன்டீ தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தாயகம் திரும்பியவர்களுக்காக 1968ல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் டேன்டீ. சின்ன வயதில் கதிர்காமத் திருவிழாவுக்கு நடந்தே போனதாகச் சொன்னார். “முருகன் கோயிலுக்குப் பக்கத்திலேயே பள்ளிவாசல் பாய். உள்ளே பச்சைத் துணி போர்த்தி இருந்துச்சு. கிழ்ரு நபின்னு சொன்னாங்க. யாரு அவரு?” என்றார். ஐம்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கேள்வியை மனதிலேயே வைத்திருந்திருக்கிறார்.

ஆமாம், அங்கே கிழ்ரு நபியின் பெயரில் ஒரு மகாம் உண்டு. மகாம் என்றால் நின்ற இடம், கப்ரு (அடக்கத்தலம்) அல்ல. அவர்கள் அங்கே வந்தார்கள் என்பது அந்த ஊர் மக்களின் நம்பிக்கை, குர்ஆனிலோ ஹதீஸிலோ அது இல்லை. இரண்டு கடல் சேரும் இடம் எது என்றுகூட குர்ஆன் சொல்லவில்லை. தண்ணீரும் பசுமையும் இருக்கும் இடமெல்லாம் மக்கள் அவர்களை நினைத்திருக்கிறார்கள். சிந்து நதியின் நடுவே சுக்கூர் அருகில் உள்ள தீவில் முஸ்லிம்களும் இந்துக்களும் அவர்கள் நினைவாகக் கூடிய இடம் உண்டு. துருக்கியில் மே 6 அன்று கிழ்ரு, இல்யாஸ் என்ற இரண்டு நபிமார் பெயரையும் சேர்த்து ஹிதிரெல்லெஸ் என்று வசந்த விழா கொண்டாடுகிறார்கள். 2017ல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இவை மார்க்கச் சட்டமல்ல, மக்களின் பிரியம். பெரியவரிடம் இந்த அளவோடு நிறுத்திவிட்டு மீன் கதையைச் சொன்னேன். நான் பேசி முடிக்கும்வரை டீயை வாயில் வைக்கவே இல்லை.

கிழ்ரு நபி எனக்கு நேரில் வந்து சொன்னார் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் தாயத்து கொடுக்கிறார். நம்பலாமா?

வேண்டாம். கூலி வாங்காமல் சுவர் கட்டியவர் பெயரைச் சொல்லிக் காசு வாங்குகிறார் என்பதே போதும்.

வெள்ளிக்கிழமை கஹ்ஃபு ஓதும்போது இந்தப் பகுதியில் கவனிக்க ஏதாவது உண்டா?

79 முதல் 82 வரை மெதுவாக ஓதுங்கள். கலத்தைச் சொல்லும்போது, அதைப் பழுதாக்க “நான் நாடினேன்” என்கிறார்கள். சிறுவனைச் சொல்லும்போது “நாங்கள் நாடினோம்.” சுவரைச் சொல்லும்போது “உம் இறைவன் நாடினான்.” பழுது என்ற சொல்லைத் தம் பக்கம் வைத்துக்கொண்டு, நன்மையை மட்டும் இறைவன் பக்கம் சேர்க்கும் மரியாதை இது என்று விரிவுரையாளர்கள் சொல்வார்கள். அரபி தெரியாதவர்கள்கூட அரத்து, அரத்னா, அராத ரப்புக என்ற மூன்று சொல்லையும் காதால் பிடித்துவிடலாம். என் மதரஸாப் பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் ஒவ்வொரு விரலாக மடக்குவார்கள். மூன்றாவது விரல் மடங்கும்போது சத்தம் தானாகக் கொஞ்சம் கூடும்.